பச்சை வட்டம், ஆரஞ்சு வட்டம்: ஐரோப்பாவில் காரோட்டுவோருக்கான புகை ஸ்டிக்கர் கேள்வி-பதில்

வைகாசி பிறந்தால் என் தொலைபேசி ஓயாது. ஜேர்மனியின் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் தேருக்கு சுவிஸிலிருந்து புறப்படுகிறவர்கள், கோடை விடுமுறைக்கு லண்டனிலிருந்து பாரிஸ் வழியாக வருகிற சித்தப்பா குடும்பம், டோர்ட்முண்டில் கல்யாணம் என்று பெல்ஜியத்தைக் கடந்து வருகிற மச்சான் என எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "கார்க் கண்ணாடியில் என்னவோ ஒட்ட வேண்டுமாமே?" புகை அதிகம் கக்கும் கார்களைப் பல நகரங்கள் கட்டுப்படுத்துகின்றன; உங்கள் கார் எந்த வகை என்று காட்டுவதுதான் அந்தப் புகை ஸ்டிக்கர். நான் ஜேர்மனியின் ரூர் பகுதியில் இருபது ஆண்டுகளாகக் காரோட்டுகிறவன். சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டதால், வழக்கமாக வருகிற கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

என் அத்தானிடம் 2009இல் பதிவான, ஏழு பேர் அமரக்கூடிய டீசல் கார் ஒன்று உண்டு. சுவிஸ் இலக்கத்தகடு. அந்தக் காரைக் கீழே அடிக்கடி சந்திப்பீர்கள். ஒரே கார் ஒவ்வோர் எல்லையிலும் எப்படி வேறு சாதியாகிவிடுகிறது என்பதை அதைவிட நன்றாக வேறெதுவும் காட்டாது.

ஐரோப்பா முழுவதற்கும் ஒரே ஸ்டிக்கர் இல்லையா?

இல்லை. காற்றில் எவ்வளவு நச்சு இருக்கலாம் என்ற வரம்பை மட்டுமே ஐரோப்பிய ஒன்றியம் வகுத்தது. 2008ஆம் ஆண்டு விதியின்படி நைட்ரஜன் டைஆக்சைடு ஆண்டுச் சராசரியாக ஒரு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. நுண்துகள் நாளொன்றுக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டும் நாட்கள் ஆண்டில் 35க்கு மேல் இருக்கக்கூடாது. அந்த வரம்புக்குள் எப்படி வருவது என்பதை நாடுகளிடமும் நகரங்களிடமும் விட்டுவிட்டார்கள். ஜேர்மனி கண்ணாடியில் ஒட்டச் சொன்னது. பிரான்ஸும் ஒட்டச் சொன்னது, ஆனால் வேறு கணக்கில். பெல்ஜியம் கமராவை நட்டுவிட்டு, முன்கூட்டியே பதிந்துகொள் என்றது. லண்டன் காசைக் கட்டிவிட்டு எதை வேண்டுமானாலும் ஓட்டு என்றது. ஒரு நாட்டின் ஸ்டிக்கர் அடுத்த நாட்டில் வெறும் அலங்காரம்தான்.

சுவிஸ் விஞ்ஞெற் ஒட்டியிருக்கிறேன். அது போதாதா?

போதாது. இந்தக் குழப்பம்தான் எல்லாவற்றிலும் பழையது. சுவிஸில் 40 பிராங்குக்கு வாங்குவது நெடுஞ்சாலை வரி. 1985இலிருந்து இருக்கிறது, 2023 ஓகஸ்டிலிருந்து மின்வடிவிலும் எடுக்கலாம். அதற்கும் உங்கள் காரின் புகைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஒஸ்திரியாவின் விஞ்ஞெற்றும் அப்படித்தான். பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் புகை ஸ்டிக்கரையும் "விஞ்ஞெற்" என்றே அழைப்பதால் குழப்பம் இரட்டிப்பாகிறது.

பிரித்தானியக் கார்களின் பின்னால் ஒட்டும் "யூ.கே." எழுத்துகளும் இதில் சேராது. அது நாட்டு அடையாளம். 2021 செப்டெம்பர் 28 முதல் பழைய "ஜி.பி." செல்லாது என்பதை மட்டும் நினைவில் வைத்திருங்கள்.

யூரோ 4, யூரோ 6 என்கிறார்களே, அது என்ன? என் கார் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

புதிய கார் எவ்வளவு புகை கக்கலாம் என்று ஐரோப்பா காலத்துக்குக் காலம் இறுக்கிக்கொண்டே வந்த படிகள் அவை. யூரோ 1 எல்லாப் புதிய கார்களுக்கும் 1993 ஜனவரியில் கட்டாயமானது. யூரோ 4, 2006 ஜனவரி. யூரோ 5, 2011 ஜனவரி. யூரோ 6, 2015 செப்டெம்பர். ஆகவே முதல் பதிவுத் திகதியைப் பார்த்தாலே ஏறக்குறையத் தெரிந்துவிடும். ஆனால் சில கார்கள் கட்டாயமாவதற்கு முன்பே அடுத்த படியில் வந்திருக்கும் என்பதால் பத்திரத்தையும் பாருங்கள். வாகனப் பதிவுச் சான்றில் "வி.9" என்ற கட்டம் இருந்தால் அதில் மாசு வகுப்பு எழுதப்பட்டிருக்கும். ஜேர்மன் பத்திரத்தில் 14ஆம் கட்டத்தில் பாருங்கள். சுவிஸ் பத்திரத்தில் 72ஆம் கட்டம்.

படியைவிட எரிபொருள் முக்கியம். யூரோ 4 பெற்றோல் கார் பெரும்பாலான இடங்களில் இன்னும் மரியாதையாக நடத்தப்படுகிறது. யூரோ 4 டீசல் காருக்கு அந்த வாழ்வு முடிந்துவிட்டது. அத்தானின் கார் யூரோ 4 டீசல்.

ஜேர்மனியின் பச்சை ஸ்டிக்கர் யாருக்கு வேண்டும்?

"உம்வெல்ட்சோனெ" (சுற்றுச்சூழல் வலயம்) என்று சிவப்பு வட்டத்துடன் பலகை நிற்கும் நகரப் பகுதிக்குள் நுழைகிற ஒவ்வொரு காருக்கும். வெளிநாட்டுக் கார் என்ற சலுகை கிடையாது. 2008 ஜனவரி 1இல் பெர்லின், கொலோன், ஹனோவர் மூன்றும் முதலில் தொடங்கின. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று நிறம் இருந்தாலும், நடைமுறையில் இப்போது பச்சை மட்டுமே கேட்கிறார்கள்.

பச்சை கிடைப்பது கடினமில்லை. பெற்றோல் கார் யூரோ 1 என்றாலே போதும். டீசல் யூரோ 4 ஆக இருக்க வேண்டும்; துகள் வடிகட்டி பொருத்தப்பட்ட யூரோ 3 டீசலும் தேறும். வெளிநாட்டுக் காருக்கு வகுப்பைக் காட்டும் ஆதாரம் இல்லையென்றால் முதல் பதிவுத் திகதியை வைத்துத் தீர்மானிப்பார்கள்: பெற்றோலுக்கு 1993, டீசலுக்கு 2006.

ஹம் தேருக்கு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கோயில் இருப்பது நகரத்துக்கு வெளியே, ஏ2 நெடுஞ்சாலைக்கு அருகே. ஆனால் நீங்கள் இரவு தங்கப்போவது டோர்ட்முண்டிலோ எசனிலோ பெரியம்மா வீட்டில்தானே? அந்த இரண்டு நகரங்களும், போகும் திட்டமில்லாமலே போய்ச்சேருகிற பொகூமும் ஒபர்ஹவுசனும் டுயிஸ்பூர்க்கும் ஒரே பெரிய வலயத்துக்குள் வருகின்றன.

எங்கே வாங்குவது? எவ்வளவு?

ஜேர்மனிக்குள் வந்தபின் வாங்குவதுதான் எளிது. டியூஃப், டெக்ரா சோதனை நிலையங்களிலும், புகைச் சோதனைக்கு அனுமதி பெற்ற கராஜ்களிலும், வாகனப் பதிவு அலுவலகங்களிலும் தருகிறார்கள். பதிவுச் சான்றைக் காட்டினால் ஐந்து நிமிட வேலை. 5 யூரோவிலிருந்து 20 யூரோ வரை இடத்துக்கு இடம் மாறும். சுவிஸிலிருந்து வருகிறவர்கள் எல்லையோர ஜேர்மன் ஊரிலேயே முடித்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை புறப்படுகிறவர்கள் கவனிக்க வேண்டும்: அன்று ஜேர்மனியில் இவை எதுவும் திறந்திருக்காது. அப்படியானவர்கள் டியூஃப் அல்லது டெக்ராவின் இணையத்தளத்தில் முன்கூட்டியே பத்திரத்தின் படத்தை அனுப்பி, தபாலில் பெற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

ஸ்டிக்கரின் வெள்ளைக் கட்டத்தில் உங்கள் இலக்கத்தகட்டு எண்ணை எழுதியோ அச்சிட்டோ தருவார்கள். காலாவதித் திகதி இல்லை. இலக்கம் மாறும்வரை, அல்லது வெயிலில் எழுத்து வெளிறி வாசிக்க முடியாமல் போகும்வரை அது செல்லும். வெளிறுவது கற்பனை இல்லை. எனது முதல் ஸ்டிக்கரில் ஆறாவது கோடையில் எண்ணே இல்லை.

எங்கே ஒட்ட வேண்டும்?

முன் கண்ணாடியின் உட்புறம், வலப்பக்கக் கீழ் மூலை. டாஷ்போர்டில் வைப்பது, பணப்பையில் வைத்திருந்து கேட்டால் காட்டுவது எதுவும் செல்லாது. ஒட்ட வேண்டும்.

காரை நிறுத்தித்தானே வைத்திருந்தேன், ஓட்டவில்லையே?

லண்டனிலிருந்து வந்த என் மைத்துனரும் இதையேதான் கேட்டார். கல்யாண வீட்டுக்கு வெளியே தெருவோரம் சனிக்கிழமை இரவு நிறுத்தினார். காலையில் கண்ணாடியில் ஒரு தாள். தண்டப்பணம் 100 யூரோ. அவருடைய கார் அப்போது வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத யூரோ 6. பச்சை ஸ்டிக்கருக்கு எல்லாத் தகுதியும் இருந்தது, ஸ்டிக்கர்தான் இல்லை. சட்டத்தின் கண்ணில், தகுதி இருந்து ஒட்டாதவனும் தகுதியே இல்லாதவனும் ஒன்றுதான். வலயத்துக்குள் நின்றாலும் ஓடினாலும் ஒன்றுதான். ஜேர்மன் வலயங்கள் இரவு பகல், சனி ஞாயிறு என்று பார்ப்பதும் இல்லை.

மின்சாரக் காருக்குமா?

ஆம். புகைக்குழாயே இல்லாத காருக்குப் புகை ஸ்டிக்கர். சிரித்துவிட்டு ஒட்டுங்கள். மோட்டார் சைக்கிளுக்கு ஜேர்மனியில் தேவையில்லை, பிரான்ஸில் தேவை.

பச்சை இருந்தால் ஜேர்மனியில் எங்கும் போகலாம் அல்லவா?

பெரும்பாலும் போகலாம். ஆனால் டீசல்காரர்கள் இந்தப் பதிலை முழுமையாக வாசிக்க வேண்டும்.

பச்சை ஸ்டிக்கரின் விதி 2007இல் நடைமுறைக்கு வந்தது. அன்றைய பயம் நுண்துகள், அதாவது டீசலின் கரி. அதனால் கரியை வடிகட்டிய டீசலுக்கெல்லாம் பச்சையை அள்ளிக் கொடுத்தார்கள். நைட்ரஜன் ஆக்சைடு கணக்கிலேயே இல்லை. 2015 செப்டெம்பரில் ஃபோக்ஸ்வாகனின் புகைச் சோதனை மோசடி வெடித்தபோதுதான், ஆய்வுக்கூடத்தில் சாதுவாக இருந்த டீசல்கள் தெருவில் எவ்வளவு கக்குகின்றன என்பது ஊருக்குத் தெரிந்தது. அத்தானின் 2009 டீசலும் நேற்று வாங்கிய மின்சாரக் காரும் ஒரே பச்சை வட்டத்தை அணிந்துகொண்டு நிற்பதன் விநோதம் இதனால்தான். நைட்ரஜனுக்கென்று நீல ஸ்டிக்கர் கொண்டுவரலாம் என்று பல ஆண்டுகள் பேசினார்கள். கடைசிவரை வரவில்லை.

வந்தது தடை. 2018 பெப்ரவரி 27இல் லைப்சிக்கில் உள்ள கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம், நகரங்கள் டீசலைத் தடுக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அந்த மே மாதமே ஹம்பூர்க் இரண்டு தெருக்களை மூடியது. ஸ்டுட்கார்ட் 2019இலிருந்து யூரோ 4 வரையான டீசலை நகர் முழுவதும் தடுத்தது. மியூனிக் 2023 பெப்ரவரியில் நடுவளையச் சாலையிலும் அதற்குள்ளும் தடுத்தது. இந்தத் தடைகளுக்கு ஸ்டிக்கர் கிடையாது. வலயப் பலகைக்குக் கீழே சிறு எழுத்தில் எழுதியிருப்பார்கள். அந்தச் சிறு எழுத்தை வாசிக்க மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் முடியாது. புறப்படும் முன் அந்த நகராட்சியின் இணையத்தளத்தில் பார்த்துவிடுங்கள். சில தடைகளை நீக்கியும் இருக்கிறார்கள். ஹம்பூர்க்கின் தெருத்தடை இப்போது இல்லை.

வலயங்கள் குறைந்துவருகின்றன என்கிறார்களே?

உண்மை. காற்று தெளிந்த நகரங்கள் பலகையைக் கழற்றுகின்றன. தொடங்கிவைத்த மூன்றில் ஒன்றான ஹனோவர் 2024 பெப்ரவரியில் கைவிட்டது. கார்ல்ஸ்ரூவ, ஹைடல்பெர்க் போன்ற தென்மேற்கு நகரங்கள் அதற்கு முந்திய ஆண்டே விட்டுவிட்டன. ஆனாலும் ஐந்து பத்து யூரோ ஸ்டிக்கரை இதை நம்பி வாங்காமல் விடாதீர்கள்.

பாரிஸில் நம்மவர் கடைத்தெருவான லாச்சப்பலுக்குப் போக என்ன வேண்டும்?

கிரிட்டேர். பிரான்ஸின் வட்ட ஸ்டிக்கர். 2017 ஜனவரியில் பாரிஸில் கட்டாயமானது. ஜேர்மனியைப் போல் ஒரே பச்சை இல்லை, ஆறு வகுப்புகள். மின்சாரத்துக்கும் ஹைட்ரஜனுக்கும் பச்சை, 0. 2011 முதல் பதிவான பெற்றோல் கார், எரிவாயுக் கார், செருகி மின்னேற்றும் ஹைபிரிட் ஆகியவற்றுக்கு ஊதா, 1. 2006–2010 பெற்றோலும் 2011 முதல் பதிவான டீசலும் மஞ்சள், 2. 1997–2005 பெற்றோலும் 2006–2010 டீசலும் ஆரஞ்சு, 3. அதற்கும் பழைய டீசல்களுக்கு 4, 5. 1997க்கு முந்தியவற்றுக்கு ஸ்டிக்கரே இல்லை.

நேற்று வாங்கிய டீசலும் 2011 டீசலும் ஒரே மஞ்சள் என்பதைக் கவனித்தீர்களா? பிரான்ஸிலும் கணக்கு முழுக்க நியாயமானது இல்லை.

எல்லா நிறமும் எல்லா இடத்துக்கும் போகாது. பாரிஸைச் சுற்றி ஓடும் ஏ86 வளையச் சாலைக்கு உட்பட்ட பகுதியில் 4உம் 5உம் 2021 ஜூனிலிருந்தே தடை. 2025 ஜனவரி 1இலிருந்து 3உம் சேர்ந்தது. லியோனிலும் அதே நாளில் 3 தடையானது. அத்தானின் கார் ஜேர்மனியில் பச்சை, பாரிஸில் ஆரஞ்சு 3. டோர்ட்முண்டில் வரவேற்கப்பட்டது லாச்சப்பலில் வெளியே நிற்கிறது.

ஒரு நேரமும் விலக்கில்லையா?

உண்டு. இது ஜேர்மனியில் இல்லாத வசதி. பாரிஸ் வலயத்தில் கார்களுக்கான தடை திங்கள் முதல் வெள்ளி வரை காலை 8 மணியிலிருந்து இரவு 8 மணி வரை மட்டும். சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் இல்லை. லாச்சப்பல் மாணிக்க விநாயகர் கோயில் தேர் வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைதான் ஓடும், ஆகவே அத்தான் அன்று சட்டப்படி காரோடு வரலாம். வந்து எங்கே நிறுத்துவார் என்பது வேறு கதை. அன்று அந்தத் தெருக்கள் முழுவதும் தேங்காய் உடைத்த ஓடும் சனமுமாக இருக்கும். புறநகரில் காரை விட்டுவிட்டு மெட்ரோவில் லா ஷப்பெல் அல்லது மார்க்ஸ் டோர்மொய் நிலையத்தில் இறங்குவதுதான் புத்தி.

காற்று மோசமான நாட்களில் அதிகாரிகள் தற்காலிகத் தடையும் அறிவிப்பார்கள். அப்போது வழக்கமாக விடப்படும் நிறமும் தடுக்கப்படலாம். வலயம் பாரிஸில் மட்டும் இல்லை. ஸ்ட்ராஸ்பூர்க், கிரெனோபிள், மார்செய், துலூஸ் போன்ற நகரங்களிலும் தனித்தனி விதிகள் உண்டு. சுவிஸிலிருந்தும் ஜேர்மனியிலிருந்தும் போகிறவர்கள் முதலில் முட்டுவது ஸ்ட்ராஸ்பூர்க்கில்தான்.

எப்படி எடுப்பது?

பிரெஞ்சு அரசின் கிரிட்டேர் இணையத்தளம் ஒன்றில் மட்டும். ஆங்கிலத்திலும் ஜேர்மனிலும் பக்கம் இருக்கிறது. இலக்கம், முதல் பதிவுத் திகதி, எரிபொருள், யூரோ வகுப்பு ஆகியவற்றை நிரப்பி, பதிவுச் சான்றின் படத்தை ஏற்றி, கடனட்டையில் செலுத்தினால் தபாலில் வரும். வெளிநாட்டு முகவரிக்கு அனுப்பும் செலவையும் சேர்த்து ஏறத்தாழ 5 யூரோதான். கைப்பேசியில் எடுத்த பெரிய படத்தை அந்தத் தளம் விழுங்காது, சிறிதாக்கி ஏற்றுங்கள். பெற்றோல் நிலையத்திலோ எல்லைக் கடையிலோ இது கிடையாது. ஒட்டாமல் பிடிபட்டால் காருக்கு 68 யூரோ. விரைவாகக் கட்டினால் 45, இழுத்தடித்தால் 180.

தளத்தின் முகவரி எப்படி முடிகிறது என்று கட்டாயம் பாருங்கள். "ஜி, ஓ, யு, வி, புள்ளி, எஃப், ஆர்" என்று முடிந்தால்தான் அரசுத் தளம். தேடுபொறியில் முதலில் நிற்பவை பெரும்பாலும் விளம்பரங்கள். முதல்முறை நானும் அவசரத்தில் அப்படியான ஒரு தரகுத் தளத்தில் விழுந்து, 5 யூரோப் பொருளுக்கு முப்பதுக்கும் மேல் கொடுத்தேன். மோசடி என்று சொல்லவும் முடியாது. உண்மையான ஸ்டிக்கர்தான் வந்தது. நமக்காக அந்தப் படிவத்தை நிரப்பித் தந்ததற்குக் கூலியாம். பத்து நிமிட வேலை அது.

நாளை மறுநாள் பயணம். இன்னும் வரவில்லையே?

வெளிநாட்டுக்குச் சில வாரங்கள் ஆகலாம். அழைப்பிதழ் கையில் கிடைத்த அன்றே ஸ்டிக்கருக்கும் விண்ணப்பியுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். தாமதமாகிவிட்டால் மின்னஞ்சலில் வந்த உறுதிப்பத்திரத்தை அச்சிட்டுக் காரில் வைத்திருங்கள். மறித்தால் காட்டிப் பேச அதுவாவது கையில் இருக்கும். வார இறுதியில் நுழையும்படி பயணத்தை அமைத்தால் பாரிஸில் அந்தக் கவலையும் குறையும்.

பிரான்ஸில் இந்த வலயங்களையே ஒழிக்கிறார்களாமே?

2025 மே மாதத்தில் பிரெஞ்சு தேசியப் பேரவை ஒழிக்க வேண்டுமென்று வாக்களித்தது. பழைய கார் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் வசதி குறைந்தவர்கள், சுமை அவர்கள் தலையில் விழுகிறது என்பது ஒழிக்கக் கேட்டவர்களின் வாதம். அதில் உண்மை இருக்கிறது. புகையை மூச்சிழுத்துக்கொண்டு வளையச் சாலையோர அடுக்குமாடிகளில் இருப்பவர்களும் வசதி குறைந்தவர்கள்தான் என்பதையும் மறக்கக்கூடாது. பேரவை வாக்குக்கும் நகரத் தெருவில் விதி மாறுவதற்கும் இடையே தூரம் உண்டு. பயணத்துக்கு முதல் வாரம் நகராட்சித் தளத்தைப் பார்த்து முடிவெடுங்கள். 5 யூரோ ஸ்டிக்கர் வீணாய்ப் போனால் போகட்டும்.

பெல்ஜியத்தை வெறுமனே கடந்து போகிறேன். ஏதாவது செய்ய வேண்டுமா?

நெடுஞ்சாலையை விட்டு இறங்காவிட்டால் வேண்டாம். பிரஸ்ஸல்ஸின் வெளிவளையம் வலயத்தில் சேராது. நகருக்குள் மரக்கறி வாங்கவோ மாமா வீட்டில் தேநீர் குடிக்கவோ இறங்கினால் வேண்டும். பெல்ஜியத்தில் ஸ்டிக்கர் கிடையாது. இலக்கத்தகட்டைக் கமரா வாசிக்கும். அன்ட்வேர்ப்பில் 2017இலும், பிரஸ்ஸல்ஸின் 19 உள்ளூராட்சிகளிலும் 2018இலும், கெண்டில் 2020இலும் தொடங்கியது.

பெல்ஜியக் காரின் வயதும் வகுப்பும் அவர்களின் கணினியில் இருக்கும். நெதர்லாந்துக் காரின் விபரமும் கிடைத்துவிடும். மற்ற நாட்டுக் கார் என்றால் கமராவுக்கு ஓர் இலக்கம் மட்டும் தெரியும், அந்தக் கார் நல்லதா கெட்டதா என்று தெரியாது. அதனால் போகும் முன் இணையத்தில் பதிந்துகொள்ளுங்கள். பதிவு இலவசம். புத்தம்புதிய காராக இருந்தாலும் பதியாவிட்டால் தண்டம் வரும். தடைசெய்யப்பட்ட காரோடு பிரஸ்ஸல்ஸுக்குள் போனால் 350 யூரோ. ஆரஞ்சு 3 என்று பாரிஸ் முகம் சுளித்த அத்தானின் யூரோ 4 டீசலை பிரஸ்ஸல்ஸ் 2022இலிருந்தே உள்ளே விடுவதில்லை.

லண்டனுக்கு ஐரோப்பியக் காரை எடுத்துப் போகிறேன்.

புகை அதிகமான கார்களிடம் கட்டணம் வாங்கும் லண்டன் "யூலெஸ்" வலயம் 2019 ஏப்ரல் 8இல் நகர மையத்தில் தொடங்கி, 2023 ஓகஸ்ட் 29இலிருந்து லண்டனின் எல்லா உள்ளூராட்சிகளையும் பிடித்துக்கொண்டது. ஈஸ்ட் ஹாம், ஹரோ, டூட்டிங் என நம்மவர்கள் இருக்கும் எந்த மூலையும் தப்பவில்லை. எம்25 வளையச் சாலை மட்டும் வெளியே. பெற்றோல் யூரோ 4, டீசல் யூரோ 6 இருந்தால் கட்டணம் இல்லை. இல்லாவிட்டால் நாளொன்றுக்கு 12.50 பவுண்ட். தடை என்று எதுவும் இல்லை, கட்டினால் போகலாம். நத்தார் தினம் ஒன்றுதான் விலக்கு. கணக்கு நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை என்பதால், இரவு 11 மணிக்கு வந்து அதிகாலை 1 மணிக்குக் கிளம்பினால் இரண்டு நாள் கட்டணம். கட்டுவதற்குப் பயண நாளுக்குப் பின் மூன்றாம் நாள் நள்ளிரவு வரை அவகாசம் உண்டு. மறந்தால் 180 பவுண்ட், பதினான்கு நாளுக்குள் கட்டினால் 90.

வெளிநாட்டு இலக்கம் என்றால், கட்டணம் தேவையற்ற நல்ல காரைக்கூட லண்டன் போக்குவரத்து நிர்வாகத்தில் முன்கூட்டியே பதிய வேண்டும். பெல்ஜியத்தின் அதே காரணம்தான். பதியாமல் போய், ஊர் திரும்பியபின் தண்டக் கடிதம் பெற்றவர்கள் ஏராளம். நகர மையத்தின் நெரிசல் கட்டணம் தனிக் கணக்கு. யூலெஸ் கட்டணம் தேவையற்ற கார் என்பதால் அது தள்ளுபடி ஆகாது.

இத்தாலி, ஸ்பெயின், நெதர்லாந்து?

நெதர்லாந்தில் ஸ்டிக்கர் இல்லை, கமரா உண்டு, கவலை டீசலுக்கு மட்டும். அம்ஸ்டர்டாம் 2025 ஜனவரியிலிருந்து யூரோ 5க்குக் குறைந்த டீசலை விடுவதில்லை.

ஸ்பெயினில் 0, ஈக்கோ, சி, பி என்று ஸ்டிக்கர் இருக்கிறது. ஆனால் அது ஸ்பெயின் கார்களுக்கு. வெளிநாட்டுக் காரோடு பார்சலோனாவுக்குள் வார நாட்களில் காலை 7 மணியிலிருந்து இரவு 8 மணிக்குள் போவதானால் முன்கூட்டியே நகராட்சியில் பதிய வேண்டும்.

இத்தாலியில் மிலானின் பெரும்பகுதிக்குப் புகைக் கட்டுப்பாடும், நடுப்பகுதிக்குக் கட்டணமும் உண்டு. ஆனால் நம்மவர்களுக்குக் கடிதம் வருவது பெரும்பாலும் வேறு காரணத்தால்: "இசட்.டி.எல்." என்ற பலகை. பழைய நகரப் பகுதிக்குள் அனுமதி பெற்ற கார்கள் மட்டும் போகலாம் என்று பொருள். புளோரன்ஸ், ரோம், பீசா எங்கும் இருக்கிறது. மின்சாரக் கார் என்பதாலேயே தப்பிவிட முடியாது. புகைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வழிகாட்டிச் செயலி "வலப்பக்கம் திரும்புக" என்றாலும் பலகையைப் பாருங்கள்.

ஜெனீவாவுக்கும் ஒரு ஸ்டிக்கர் என்றார்களே?

2020இலிருந்து உண்டு. காற்று மோசமான நாட்களில் மட்டும் பயன்படும். பிரெஞ்சு கிரிட்டேரையும் அங்கே ஏற்றுக்கொள்கிறார்கள். ஒரு நாட்டின் ஸ்டிக்கரை இன்னோர் இடம் மதிப்பதை இந்தக் கதை முழுவதிலும் நான் கண்டது இந்த ஒன்றில்தான்.

வாடகைக் கார் எடுக்கிறேன். சென்னையிலிருந்து வந்த மாமா மாமியோடு நான்கு நாடு சுற்றத் திட்டம்.

ஜேர்மனியில் எடுக்கும் வாடகைக் காரில் பச்சை பெரும்பாலும் ஒட்டியே இருக்கும். பிரான்ஸில் எடுத்தால் கிரிட்டேர் இருக்கும். சிக்கல் எல்லை கடக்கும்போது. பிராங்க்பேர்ட்டில் எடுத்த காரில் கிரிட்டேர் இருக்கும் என்று எண்ணாதீர்கள். எந்த இலக்கம் வரும் என்பது சாவியை வாங்கும்வரை தெரியாது என்பதால் முன்கூட்டி விண்ணப்பிக்கவும் முடியாது. பதிவு செய்யும்போதே "பாரிஸுக்குப் போகிறேன்" என்று சொல்லிக் கேளுங்கள். இல்லையென்றால் பாரிஸுக்கு ரயிலில் போங்கள். மாமிக்கு அதுதான் பிடிக்கும், முழங்காலுக்கும் நல்லது. தண்டக் கடிதம் முதலில் நிறுவனத்துக்குப் போய், அவர்கள் உங்கள் பெயரைக் கொடுத்து, அதற்கொரு கையாளல் கட்டணத்தையும் உங்கள் அட்டையில் எடுத்துக்கொள்வார்கள் என்பதும் நினைவிருக்கட்டும்.

வெளிநாட்டுத் தண்டக் கடிதம் வந்திருக்கிறது. கிழித்துப் போடலாமா?

கிழிக்காதீர்கள், அவசரப்பட்டுக் கட்டவும் வேண்டாம். முதலில் இலக்கம், திகதி, நேரம், படம் சரியா என்று பாருங்கள். அன்று நீங்கள் அந்த ஊரில் இருந்தீர்களா? கடிதத்தில் உள்ள இணைப்பை அழுத்தாமல், அந்த நகராட்சியின் தளத்தை நீங்களே தேடிப் போய், கடித எண்ணைக் கொடுத்து சரிபாருங்கள். கார் தகுதியானது, பதிய மட்டும் மறந்தீர்கள் என்றால் பதிவுச் சான்றின் படியோடு மேன்முறையீடு எழுதுங்கள். தள்ளுபடிக் காலம் முடிவதற்குள் எழுத வேண்டும். சும்மா விட்டால் கடன் அறவிடும் நிறுவனத்திடம் போகும். பிறகு மூலத் தொகையை யாரும் பேசமாட்டார்கள்.

அத்தான் இப்போது என்ன செய்கிறார்?

பலர் கேட்டுவிட்டதால் சொல்கிறேன். காரை விற்கவில்லை. ஏழு இருக்கை, மூன்று பிள்ளைகள், மாமியார் என்று அவருக்கு நியாயங்கள் உண்டு. டோர்ட்முண்டுக்குக் காரில் வருகிறார். பாரிஸ் என்றால் ஞாயிறு மட்டும். பிரஸ்ஸல்ஸ் என்றால் வெளிவளையத்துக்கு அப்பால் நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு ரயில். லண்டனுக்குக் காரை எடுப்பதே இல்லை.

கார் மாற்றினேன். பழைய ஸ்டிக்கரைப் பிய்த்துப் புதியதில் ஒட்டலாமா?

முடியாது. அதில் இருப்பது பழைய இலக்கம். அதோடு, பிய்த்தாலே கிழியும்படிதான் செய்திருக்கிறார்கள். முன் கண்ணாடி உடைந்து மாற்றினாலும் புதிதாகத்தான் வாங்க வேண்டும். காப்புறுதிக்காரரிடம் கண்ணாடிக் கணக்கோடு இதையும் சேர்த்துக் கேளுங்கள், சிலர் தருகிறார்கள். பழைய பசை போகவில்லையென்றால் தலைமுடி உலர்த்தும் கருவியால் இரண்டு நிமிடம் சூடாக்கிவிட்டு, பழைய பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டுங்கள். கத்தி வேண்டாம்.